அடுப்புப் பரணில் காய்ந்த இறக்கை

ஜிக் என்றால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு நான் ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன். கூட நின்று பிடித்துக்கொள்ள ஆள் இல்லாதபோது, ஆளுக்குப் பதிலாக நின்று பிடித்துக்கொள்ளும் சாமான். கோயம்புத்தூரில் பம்ப் செய்யும் ஒரு பட்டறையில் இப்போது எனக்கு அதுதான் வேலை. நான்கு பேர் கை கொடுக்க வேண்டிய இடத்தில் நிற்கிற மாதிரி இரும்பில் செய்து கொடுக்கிறேன், சம்பளம் வாங்குகிறேன். முதல் ஜிக்கைச் செய்தபோது எனக்குப் பதினொரு வயது. அதை மூங்கிலில் செய்தேன். யாரும் கேட்டுச் செய்யவில்லை.

அதுவரை எனக்குப் பிடித்துக்கொண்டிருந்தது என் அக்கா. சூரியநெல்லிக்கு மேலே, தேயிலைச் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் லயத்தில் எங்கள் வீடு. ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள், ஒருவர் இருமினால் அடுத்தவர் புரண்டு படுக்கிற அளவுக்குத்தான் நடுவே சுவர். ஆனால் எனக்கு விவரம் தெரிந்தபோது இருமுவதற்கு ஆள் குறைந்துவிட்டது. ஒவ்வொரு குடும்பமாகத் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் இறங்கிப் போய், கதவுகளில் பூட்டுகள்தான் தொங்கின. அம்மா காலையிலேயே கொழுந்து கிள்ளப் போய்விடுவாள். அப்பா தேயிலை ஃபேக்டரியில். பள்ளிக்கூட ஜீப்பிலிருந்து எங்கள் வளைவில் இறங்கும் ஒரே பிள்ளை நான்தான். இறங்கியதும் மூடுபனிக்குள் 'அக்கா' என்று ஒரு குரல் கொடுப்பேன். 'வா வா, ஆனை ஒண்ணும் நிக்கல' என்று பதில் வரும்.

விமானப் பைத்தியம் எனக்கு எப்படிப் பிடித்தது என்று தெரியவில்லை. அப்பாவின் போனில் யாரோ செய்து காட்டுவதைப் பார்த்திருப்பேன். டி.வி. வந்த பெட்டியின் தெர்மாகோலில் தொடங்கி, மூங்கில் சீவலும் அட்டையும் வைத்து ஒட்டும் அளவுக்கு முன்னேறியிருந்தேன். ஒட்டுவதில் இருக்கிற சங்கடம், பசை காய்கிறவரை யாராவது அசையாமல் பிடித்திருக்க வேண்டும் என்பது. எங்கள் ஊர் ஈரத்தில் பசை காய்வதற்குள் ஒரு சினிமா பார்த்து முடித்துவிடலாம். அக்கா பிடிப்பாள். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள், பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். பிடித்தபடியே வாய் ஓயாமல் பேசுவாள்.

"ஏட்டி, ஒம் பிளேனு காயிறதுக்குள்ள எனக்கு நரைச்சிரும்" என்பாள். ஆனால் கையை எடுக்கமாட்டாள்.

சித்திரையில் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை வீடு போடியில். போடிமெட்டைத் தாண்டி மலை இறங்கினால் வந்துவிடும் ஊர்தான், ஆனால் கல்யாணம் ஆகிப் போனவளுக்கு அது தூரம். அத்தான் ஏலக்காய்க் கடையில் வேலை பார்த்தார். அவரைக் குறை சொல்ல ஒன்றும் கிடையாது, நல்லது சொல்லவும் அவர் வாய்ப்பு தரமாட்டார். அவ்வளவு அமைதி. பெரிய வீடு, மாடி வீடு, வாசலில் பைப்பில் தண்ணீர் வருகிறது என்று அம்மா கொழுந்து கிள்ளும் இடத்தில் எல்லோரிடமும் சொன்னாள்.

அக்கா போன பிறகு நான் தனியாக ஒரு இறக்கை செய்யப் பார்த்தேன். இறக்கைக்குக் குறுக்கே மீன்முள் மாதிரி வரிசையாக நிற்கிற அட்டைத் துண்டுகளுக்கு விலா என்று நானே பெயர் வைத்திருந்தேன். ஒரு விலாவை வலது கையாலும் ஒன்றை இடது கையாலும் பிடித்து, மூன்றாவதை மோவாயால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூக்கு அரித்தது. மூன்றும் சாய்ந்தன. அன்றைக்கு நான் அழுதது இறக்கைக்காக என்றுதான் நினைத்தேன்.

அதற்குப் பிறகுதான் போனில் ஜிக்கைப் பார்த்தேன். ஒருவர் தட்டையான பலகையில் முளைகளை அடித்து, அவற்றின் இடுக்கில் விலாக்களை நிறுத்திப் பசை வைத்துவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டார். திரும்பி வரும்வரை எல்லாம் நின்றன. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஜிக்குல்லா அது? நம்ம ஃபேக்டரி வெல்டரும் வச்சிருக்கான்" என்றார். பெயர் தெரிந்ததும் பாதி வேலை முடிந்த மாதிரி இருந்தது.

எங்கள் வீட்டில் தட்டையான பொருள் என்று எதுவும் கிடையாது. தரையே சரிவு. கட்டில் கால்களுக்குக் கூட முட்டு வைத்துத்தான் படுப்போம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் திருப்பூர் போகும்போது ஒரு கேரம் பலகையை எங்களிடம் விட்டுப் போயிருந்தார்கள். ஒற்றை ஆளாகக் கேரம் ஆடுவதைவிடச் சலிப்பான காரியம் உலகத்தில் இல்லை என்பதை நான் அனுபவத்தில் சொல்வேன். அதன் மேல்பக்கம்தான் எங்கள் வீட்டிலேயே நேரான இடம். அதன் குறுக்கே இரண்டு நீண்ட மூங்கில் சட்டங்களை வைத்து ஆணி அடித்தேன். ஒன்று இறக்கையின் முன்விளிம்புக்கு, ஒன்று பின்விளிம்புக்கு. விலாக்கள் இவற்றின்மேல் உட்காரும். ஒவ்வொரு விலாவும் சாயாமல் நிற்க இருபுறமும் ஒரு ஜோடி முளை. சட்டத்தின் நுனிகளில் மட்டும் ஆணி அடிக்கவில்லை, அடித்தால் மூங்கில் பிளந்துகொள்ளும். விலாக்களுக்கு அக்காவின் கல்யாணப் பத்திரிகையில் மிஞ்சியதை வெட்டினேன். நல்ல கெட்டி அட்டை. ஒரு விலாவில் அத்தான் பெயரில் பாதி, இன்னொன்றில் 'சுற்றமும் நட்பும்'.

ஜிக்கில் செய்த முதல் இறக்கை ஊசி மாதிரி நேராக வந்தது. இறக்கை நேராக இருக்கிறதா என்று பார்க்க, அதை முகத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடி, நுனியிலிருந்து நுனிவரை ஓட்டிப் பார்க்க வேண்டும். பார்த்தேன். பொட்டுக் கோணல் இல்லை. விசிறிக்கு ரப்பர் முறுக்கி, லயத்துக்கு மேலே இருக்கும் புல்மேட்டிலிருந்து விட்டேன். பறந்து போய் மூடுபனிக்குள் நுழைந்தது, நுழைந்ததுதான், அப்புறம் கிடைக்கவே இல்லை. அது பறந்தது என்பதற்கு என்னைத் தவிர சாட்சியில்லை. சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். 'அப்படியா' என்று சொல்லி அரிசி களைந்தாள்.

ஆடி பிறந்தது. புதிதாகக் கல்யாணம் ஆனவள் ஆடி மாதம் புருஷன் வீட்டில் இருக்கக் கூடாது, அம்மா வீட்டுக்கு அழைத்து வந்துவிட வேண்டும். அதே போல ஆவணி பிறந்ததும் ஒரு நாளும் தாமதிக்காமல் கொண்டுபோய் விட்டுவிடவும் வேண்டும். அப்பா போடிக்குப் போய் அக்காவைக் கூட்டி வந்தார். அவள் ஜீப்பிலிருந்து இறங்கியபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம், கிட்டே போகவே வெட்கமாக இருந்தது. அவள் கொஞ்சம் இளைத்திருந்தாள். அவளுடைய பேச்சும் குறைந்திருந்தது. மலை ஏறிய களைப்பு என்று அப்பா சொன்னார்.

அந்த வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "எல்லாரும் இருக்காவ. பேசத்தான் ஆளில்ல" என்றாள். எல்லாரும் இருக்கிற மாடி வீட்டில் பேச ஆளில்லாமல் எப்படி என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. அதைக் கேட்பதைவிட ஜிக்கைக் காட்டுவது முக்கியமாகப் பட்டதால் காட்டினேன். ஒவ்வொரு முளையையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்போ இனிமே பிடிக்க நான் வேண்டாமாட்டி ஒனக்கு?"

"வேண்டாம்க்கா. ஒனக்குக் கை வலிக்கும்லா" என்றேன். அவள் மேல் எனக்கு இருந்த அக்கறையில்தான் அப்படிச் சொன்னேன்.

அக்கா திரும்பிப் போவதற்குள் ஒரு பெரிய விமானம் செய்து, அதை அவள் கையால் பறக்கவிட வைக்க வேண்டும். அந்த மாதம் முழுக்க எனக்கு வேறு நினைப்பே இல்லை. இந்த முறை சாட்சி இருக்கப்போகிறதே.

எங்கள் ஊர் ஆடிக்குக் காற்று மட்டுமில்லை, மழையும் சேர்த்து. துவைத்த துணியில் காளான் முளைக்காததுதான் பாக்கி. எந்தப் பொருளையும் காயவைக்க ஒரே இடம், அடுப்புக்கு மேலே கட்டியிருக்கும் பரண். விறகு, காலுறை, அப்பாவின் தொப்பி எல்லாம் அங்கேதான் காயும். பசை வைத்த இறக்கையை ஜிக்கோடு அந்தப் பரணில் ஏற்றிவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். பகல் முழுக்க வீட்டில் அக்கா மட்டும்தான். அடுப்பைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள்.

மறுநாள் சாயங்காலம் இறக்கையை எடுத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். வலது பாதி சரியாக இருந்தது. இடது பாதியில் பின்விளிம்பு நுனியை நோக்கி மெல்ல மேலே தூக்கிக்கொண்டிருந்தது. முறுக்கிக்கொண்ட இறக்கை ஒன்றுக்கும் உதவாது. நான் முளைகளை அளந்து பார்த்தேன், எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. அழுகை வந்தது. அக்கா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"போவுது விடு. இன்னொண்ணு செய்வோம். நான் இருக்கேம்லா."

நானும் லேசுப்பட்டவள் இல்லை, காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். இடது பாதிதான் அடுப்புக்கு நேர் மேலே இருந்தது. சூடு பட்டு முறுக்கிக்கொண்டது. சரி, அடுத்த இறக்கைக்குப் பலகையைத் திருப்பி வைத்தால் போயிற்று. திருப்பி வைத்தேன். இப்போது வலது பாதி அடுப்புக்கு மேலே. காய்ந்ததும் எடுத்துப் பார்த்தால், வலது பாதி நன்றாக இருக்கிறது, மறுபடியும் இடதுதான் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

"பொகை ரெண்டு பக்கமும்தானட்டி போவுது" என்றாள் அக்கா. எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

அதற்குள் ஆவணி பிறந்துவிட்டது. அத்தான் போனில் கூப்பிட்டார். அக்கா அப்பாவின் பக்கத்தில் போய் நின்று, பாப்பா ஆசையாகச் செய்கிறாள், இறக்கையை முடித்துக் கொடுத்துவிட்டுப் போகிறேன், இல்லாவிட்டால் அழுதே காய்ச்சல் வரவழைத்துக்கொள்வாள் என்றாள். நான் உடனே அழும் முகத்தைக் காட்டினேன். அதில் எனக்கு நல்ல தேர்ச்சி. அப்பா என் விஷயத்தில் வாழைப்பழம். போனில், பிள்ளைக்குக் கொஞ்சம் சளி, வருகிற ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிறோம் மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் இறக்கை கோணல்தான். அதே இடது பாதி, அதே அளவு தூக்கல். இன்னொரு ஞாயிறு தள்ளிப் போயிற்று. கொழுந்து கிள்ளும் பெண்கள் அம்மாவிடம் கேட்கத் தொடங்கினார்கள். மகள் இன்னும் போகவில்லையா, ஆடி முடிஞ்சிட்டே, ஏதும் விசேஷமா. விசேஷம் இல்லை என்றால் வேறு என்ன என்று அடுத்த கேள்வி. அம்மா வீட்டுக்கு வந்ததும் கொழுந்துக் கூடையைச் சத்தமாக இறக்கி வைப்பாள். அக்காவிடம் ஒன்றும் கேட்கமாட்டாள். அக்கா அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்க்கிற சாக்கில் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள். ஒரு நாள் மட்டும், "அம்மா, நான் இங்கயே" என்று தொடங்கினாள். அம்மா, "தண்ணி புடிச்சாச்சா" என்று கேட்டாள். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

அடுத்த இறக்கையைப் பசை வைத்துப் பரணில் ஏற்றிய அன்று பெருமழை. கலெக்டர் லீவு விட்டிருந்தார். தோட்டத்திலும் பாதியில் வேலையை நிறுத்திவிட்டார்கள், அம்மா மத்தியானமே நனைந்துகொண்டு வந்தாள். அக்கா பின்பக்கம் துணியை உள்ளே எடுக்கப் போயிருந்தாள். அம்மா விறகு எடுக்கப் பரணுக்குக் கை நீட்டினாள். நீட்டிய கை ஜிக்கின்மேல் நின்றது. குனிந்து பார்த்தாள். பின்பக்கச் சட்டத்தின் இடது நுனிக்கு அடியிலிருந்து எதையோ இழுத்து எடுத்தாள். சுண்டுவிரல் நீளத்தில் ஒரு மூங்கில் சிம்பு.

என்னம்மா அது என்று கேட்டேன்.

"எலி இழுத்துப் போட்டுருக்கும்" என்று அதை அடுப்பில் போட்டாள். பிறகு சட்டத்தை விரலால் கீழே அழுத்திவிட்டு, விறகை எடுத்துக்கொண்டாள்.

அந்த மூங்கில் எரிகிறவரை அம்மா அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா உள்ளே வந்து பரணைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். அம்மா, "வா, தலைய வாரிவிடுதேன்" என்றாள். கல்யாணத்துக்கு முந்தின நாளுக்குப் பிறகு அம்மா அக்காவுக்குத் தலை வாரியதை அன்றுதான் பார்த்தேன். ரொம்ப நேரம் வாரினாள். சிக்கே இல்லாத முடியை எதற்கு இவ்வளவு நேரம் வாருகிறாள், எனக்குப் பசிக்கிறதே என்று நான் முனகிக்கொண்டிருந்தேன்.

இறக்கை நேராக வந்தது. ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, லயமே அதிர்கிற மாதிரி கத்தினேன். அதிர்வதற்கு அங்கே ஆள் இல்லை என்பது வேறு விஷயம். எலிதான் காரணம் என்று அப்பாவுக்கு விளக்கினேன். அப்பாவும் எலிப்பொறி வாங்க வேண்டும் என்றார்.

அந்த எலியை நான் நம்பியிருந்த காலத்தை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. போன வருஷம் பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, வெல்டிங் சூட்டில் ஃப்ரேம் வளைகிறது மேடம் என்று வந்து நின்றாள். ஃப்ரேமைத் திருப்பி மாட்டி வெல்டிங் வை, சூடு என்றால் வளைவும் பக்கம் மாறும், மாறவில்லை என்றால் ஜிக்கில்தான் கோளாறு, யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்றேன். சொல்லி முடிக்கும்போதே பரண் ஞாபகம் வந்தது. நான் பலகையைத் திருப்பி வைத்தேனே. வளைவு பக்கம் மாறவே இல்லையே. எலிக்கு இடது எது, வலது எது என்று தெரியுமா? ஒவ்வொரு முறையும் அதே நுனிக்கு அடியில், அதே கனத்தில் சீவிக் கொண்டுவந்து வைக்குமா? நான் பள்ளிக்கூடம் போன பிறகு அக்கா பரணுக்குக் கை நீட்டிச் செருகியிருக்கிறாள், நான் வருவதற்குள் எடுத்திருக்கிறாள். அந்தப் பெண் என்ன மேடம் என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வெளியே போனேன். அக்காவுக்குப் போன் செய்ய எடுத்து, செய்யவில்லை. அவள் போடியில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள், நன்றாகத்தான் இருக்கிறாள் என்று அம்மா சொல்கிறாள். அம்மா அப்படித்தான் சொல்வாள்.

அத்தான் ஜீப் எடுத்துக்கொண்டு வந்தது, இறக்கை நேராக வந்த அந்த வார ஞாயிற்றுக்கிழமை காலை. மழை விட்டிருந்தது. அக்காவின் பையை ஏற்றியாயிற்று. அம்மா ஒரு பையில் தேயிலைத் தூளும் இன்னொன்றில் மரவள்ளிக் கிழங்கும் கட்டிக் கொடுத்தாள். நான் விமானத்தைத் தூக்கிக்கொண்டு அக்காவைப் புல்மேட்டுக்கு இழுத்துப் போனேன். அவள் அதை வாங்கி முகத்துக்கு நேரே பிடித்து, நான் சொல்லிக்கொடுத்தபடி ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். எவ்வளவு பார்த்தாலும் கோணல் கிடைக்காது என்று எனக்குப் பெருமை.

"நல்லாச் செஞ்சிருக்கட்டி" என்று சொல்லிவிட்டு, விட்டாள்.

எனக்குத் தெரிந்து அதைவிட அழகாக எதுவும் பறந்ததில்லை. தேயிலைச் செடிகளுக்கு மேலே ஒரே கோடாகப் போய், கீழே பாதை வளைவுக்குப் பக்கத்தில் மெல்ல இறங்கியது. நான் செடிகளுக்கு நடுவே விழுந்தடித்து ஓடினேன். ஒரு கீறல் கூட இல்லை. அதை அக்காவிடம் காட்ட மூச்சு வாங்க மேலே ஏறி வந்தபோது, மேட்டில் அம்மா மட்டும் நின்றிருந்தாள். ஜீப் சத்தம் போடிமெட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

என்னிடம் சொல்லாமல் போய்விட்டாளே என்று கோபம் வந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் போய்விட்டது. கோளாறு எலிதான் என்று இப்போது தெரிந்துவிட்டதல்லவா. அடுத்த ஆடிக்கு அக்கா வரும்போது இவ்வளவு நாள் அவளைக் காக்கவைக்க வேண்டியிருக்காது, ஒரே வாரத்தில் இறக்கையை முடித்துக் காட்டிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். அதை நினைக்க எனக்கு ஆறுதலாக இருந்தது.